கண்ணளவில் ஒன்றரைச் சுற்று

கனடாவில், மோர்னிங்சைட்டில் இருக்கும் தன் வீட்டு பேஸ்மென்ற்றை வாடகைக்குக் கேட்டு யார் வந்தாலும், சச்சிதானந்தன் முதலில் காட்டுவது முன்னறைச் சுவரோடு நிற்கும் காஸ் ஹீற்றரைத்தான். குளியலறை எங்கே என்று கேட்டால் கையால் ஒரு திசையைக் காட்டிவிட்டு மறுபடியும் ஹீற்றருக்கு வந்துவிடுவார். வீட்டின் சூட்டுக் குழாய்கள் அந்த முன்னறைக்கு எட்டுவதில்லை. ஆகவே யாரோ வீடு இடித்தபோது குப்பைக்குப் போகவிருந்த ஒரு கிழட்டு ஹீற்றரைக் கொண்டுவந்து, தானே பூட்டி, "இப்ப வாற சாமானுகள் உப்பிடி வராது" என்று தானே சான்றிதழும் கொடுத்திருந்தார்.

கோபிகாவும் ரஜிதனும் அங்கே குடிவந்து மூன்று வருடங்களாகின்றன. மட்டக்களப்பிலிருந்து வந்த புதிதில் அவர்களுக்கு வேலைக் கடிதமும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. யாரும் வீடு தராத காலத்தில் சச்சிதானந்தன் அங்கிள் கொடுத்தார். நல்ல மனிதர்தான். தான் நல்ல மனிதர் என்பதை மற்றவர்கள் மறந்துவிடாதபடி அடிக்கடி நினைவூட்டுவதில் மட்டும் அவருக்குக் களைப்பே வருவதில்லை. "மட்டக்களப்புப் பிள்ளையள் தங்கமான பிள்ளையள், ஒரு கேள்வி கேக்காதுகள்" என்று கோயிலில் நாலு பேர் முன்னால் சொல்வார். ரஜிதன் பக்கத்தில் நின்று சிரிப்பான். கோபிகா சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள்.

அந்தத் தைமாதக் குளிரில் அவர்களுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மேல்வீட்டு இராஜேஸ்வரி அன்ரி, அதாவது சச்சிதானந்தனின் மனைவி, ஆட்சியைக் கைப்பற்றிவிட்டார். மருந்துச் சரக்கு அரைப்பது, வேது வைத்துக் குளிக்க வார்ப்பது, எதைத் தின்னலாம், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்பதெல்லாம் அன்ரியின் கையில். அவருடைய அன்பில் குறை சொல்ல முடியாது. அதிலிருந்து தப்பவும் முடியாது.

"பச்சை உடம்புக்காரியும் பிள்ளையும் கிடக்கிற அறை கணகணப்பா இருக்கோணும்" என்றார் அன்ரி.

அறை அப்படி இருக்கவில்லை. ஹீற்றரின் கண்ணாடிக்குள் விரல்நுனி அளவு நீலச் சுவாலைகள் நின்றன. பக்கத்தில் போய்க் குந்தினால்தான் சூடு தெரியும். கோபிகாதான் அதை முதலில் சொன்னாள். பின்னாளில் இதை நினைத்து அவள் தன்னையே நொந்துகொண்டது உண்டு. கேள்வி கேட்காத தங்கமான பிள்ளை முதன்முதலாக வாயைத் திறந்தது சூடு காணாது என்று சொல்லத்தான்.

"அங்கிள், லைசென்ஸ் உள்ள ஒரு ஆளக் கூப்பிட்டுக் காட்டினா என்ன?" என்றும் கேட்டாள்.

சச்சிதானந்தன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிள்ளை, லைசென்ஸ்காரன் வந்தால் ஹீற்றரை மட்டுமே பாப்பான்? கதவைப் பாப்பான், ஜன்னலைப் பாப்பான், உந்தக் குசினியைப் பாப்பான். பிறகு சிற்றிக்கு எழுதிப் போடுவான். அவங்கள் வந்து பூட்டினால் நீங்கள் பச்சைப் பிள்ளையோட எங்கை போவியள்? நான் உங்களைத்தான் யோசிக்கிறன்."

அந்தக் குடியிருப்பு நகரசபையின் எந்தக் காகிதத்திலும் கிடையாது என்பது கோபிகாவுக்குத் தெரியும். அங்கிளின் யோசனை முழுவதும் தங்களைப் பற்றியதாகவே இருப்பதை நினைத்து அவளால் உருகாமல் இருக்க முடியவில்லை. அன்று பின்னேரமே அவர் "எங்கட ஆள்" ஒருவரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

எங்கட ஆளின் பெயர் பொன்னம்பலம். கட்டாரில் காஸ் கொம்பனியில் பதினொரு வருடம் இருந்தவர் என்று சச்சிதானந்தன் அறிமுகம் செய்தார். பொன்னம்பலம் அடக்கமாகத் தலையாட்டினார். கையில் ஒரு ஸ்க்றூ டிறைவர் மட்டும் இருந்தது. ஹீற்றருக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தேநீர் ஊற்றச் சொன்னார்.

ஹீற்றரின் அடிவயிற்றில், காஸ் குழாய் வந்து சேரும் இடத்தில், றெகுலேற்றர் என்று ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகாணி. வலப்பக்கம் திருகினால் காஸின் அமுக்கம் கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும். எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதை ஒரு மீற்றர் பூட்டி அளந்துதான் அறிய வேண்டும் என்றும், லைசென்ஸ் இல்லாதவர்கள் கைவைக்கக் கூடாது என்றும் பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதம் தடித்த எழுத்தில் சொன்னது.

கோபிகா அதைக் காட்டினாள்.

"உது கொம்பனிக்காரன் தன்ரை தலையைக் காப்பாத்த ஒட்டிறது" என்றார் சச்சிதானந்தன்.

"மீற்றர் வேணாமா அண்ண?" என்று ரஜிதன் பொன்னம்பலத்தைக் கேட்டான். கேட்டுவிட்டுக் குற்றம் செய்தவன்போல் நிலத்தைப் பார்த்தான்.

"மீற்றர் பழகிறவனுக்குத் தம்பி. எங்களுக்குக் கண் இருக்கு" என்றார் பொன்னம்பலம்.

கண்ணளவில் ஒன்றரைச் சுற்று திருகினார். நீலச் சுவாலை உயர்ந்தது, நீண்டது, நுனியில் மஞ்சளாகி ஆடத் தொடங்கியது. சச்சிதானந்தன் கைதட்டாத குறை. "பாத்தியளே, பொன் மாதிரி எரியுது" என்றார். காஸ் சுவாலை பொன் மாதிரி எரியக் கூடாது, நீலமாகத்தான் எரிய வேண்டும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அந்தச் சங்கதியும் மஞ்சள் காகிதத்தில் இருந்தது. மஞ்சள் காகிதத்தின் பேச்சுத்தான் எடுபடாதே.

வேலை முடிந்த திருப்தியில் பொன்னம்பலம் கட்டார்க் கதைகளை அவிழ்த்துவிட்டார். ஒரு நேரத்துக்கு எத்தனை கோழி வெட்டுவார்கள், சோற்றுக்கு எவ்வளவு பெரிய அண்டா, மனேஜருக்கு மட்டும் தனியாக வைக்கும் மீன்குழம்பு. காஸ் கொம்பனியில் அவர் இருந்தது உண்மைதான். எந்தப் பகுதியில் இருந்தார் என்று இவ்வளவு காலமும் யாரும் கேட்டதில்லை. அவர் பொய் சொன்னதாக ஒருவரும் குற்றம் சாட்ட முடியாது.

அறை நன்றாகச் சூடேறியது. ஆனாலும் இராஜேஸ்வரி அன்ரிக்குத் திருப்தியில்லை. ஹீற்றருக்குப் பக்கத்துச் சுவரில், நிலத்தோடு ஒட்டி, வெளிக்காற்று உள்ளே வருவதற்கென்று ஒரு சின்னக் கம்பிவலை இருந்தது. அதனால் குளிர் கசிந்தது. நெருப்புக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும் என்பதற்காக வைத்த ஓட்டை அது.

"பிள்ளைபெத்த வீட்டில உப்பிடி ஒரு ஓட்டையை ஆரும் விடுவினமே? பச்சை உடம்பில காத்துப் படக்கூடாது" என்று சொல்லி, அன்ரி ஒரு பழைய போர்வையைச் சுருட்டி அதற்குள் திணித்தார். மிச்சத்தைக் காலால் மிதித்துச் செருகினார். ஜன்னல் இடுக்குகளுக்கும் துணி வைத்தார். அக்கறையில் ஒரு குறையும் விடவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் கோபிகாவுக்குத் தலை இடித்தது. பிள்ளை பெற்றவளுக்கு நித்திரை இல்லை, தலையிடி வராமல் வேறென்ன வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். ஹீற்றருக்கு மேலே சுவரில் புகைபடிந்தாற்போல் ஒரு கறுப்பு விழுந்தது. துடைத்தாள், மறுபடி வந்தது. மேல்வீட்டிலும் அன்ரிக்குத் தலையிடி, ஓங்காளம். கீழிருந்து வரும் திருக்கைமீன் மணம்தான் காரணம் என்று அன்ரி கண்டுபிடித்தார். மட்டக்களப்பார் கறிக்கு அளவுக்கு மீறித் தேங்காய்ப்பால் விடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

ரஜிதன் பாண் சுடும் ஃபக்டரி வேலைக்குப் போய்வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே ஒருநாள் சொன்னான். "எனக்கும் தலை இடிக்கிதுதான். ஆனா வேலைக்குப் போனா விட்டிருது. வீட்டுக்கு வந்தா மறுகாவும் தொடங்குது."

"அப்ப நானும் பிள்ளையும்தான் உங்களுக்குத் தலையிடி" என்றாள் கோபிகா. ஒரு நல்ல துப்பு அப்படித்தான் குடும்பச் சண்டையில் வீணாகிப் போனது.

முப்பத்தோராம் நாள் வந்தது. குழந்தை பிறந்த தீட்டான துடக்கு கழியும் நாள். ஐயரைப் பிடித்தது அங்கிள்தான். அழைக்க வேண்டியவர்களையும் அவரே அழைத்துவிட்டார். பத்துப் பதினைந்து பேர் அந்த முன்னறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சாம்பிராணி போடுவதற்கு முன்பு அங்கிள் கதிரையில் ஏறி, புகை வந்தால் கத்தவென்று கூரையில் இருந்த அலாரத்துக்கு ஏதோ ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த குளியல் தொப்பி ஒன்றைப் போட்டு, றப்பர் பாண்ட்டால் கழுத்தை இறுக்கிவிட்டார். விசேஷ நாளில் எங்கள் வீடுகளில் அலாரமும் தலையை மூடிக்கொண்டு பக்தியோடு இருக்க வேண்டும். மேல்வீட்டு அலாரத்தின் பற்றரி மீன் பொரித்த ஏதோ ஒரு நாளில் கழற்றியது, திரும்பப் போகவேயில்லை.

ஐயருக்கு மார்க்கம் நகரில் இன்னொரு வீட்டு விசேஷம் இருந்ததால் மந்திரங்கள் விறுவிறுவென்று முடிந்தன. மஞ்சள் தண்ணீரை மாவிலையால் எல்லோருக்கும் தெளித்தார். குழந்தையின் முகத்திலும் நாலு துளி விழுந்தது.

குழந்தை அழவில்லை.

"பாருங்கோவன், எவ்வளவு அடக்கமான பிள்ளை" என்றார் யாரோ ஒருவர்.

கோபிகா குழந்தையைப் பார்த்தாள். உடுப்பு மாற்றினால் வீரிடும், துணி ஈரமானால் ஊரைக் கூட்டும் குழந்தை அது. இப்போது குளிர்த்தண்ணீர் கன்னத்தில் வழிய, இமை கூட அசையாமல் கிடந்தது. அவள் கன்னத்தைத் தட்டினாள். பாதத்தைச் சுரண்டினாள். குழந்தை சோம்பலாக வாயை ஒருதரம் திறந்து மூடியது, அவ்வளவுதான்.

ஐயர் போய்விட்டார். சாம்பிராணித் தட்டை வெளியே கொண்டுபோய்ப் பனியில் கவிழ்த்துவிட்டார்கள். புகை அடங்கியிருந்தது. ஆட்கள் சோற்றுத் தட்டுகளோடு கதைத்துக்கொண்டிருக்க, இராஜேஸ்வரி அன்ரி மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு பேர் நெற்றியைத் தேய்த்தார்கள். ஹீற்றருக்குள் சுவாலை பொன்னாக ஆடியது. வேலைக்குப் போனால் விட்டுவிடுகிறது என்று ரஜிதன் சொன்னது அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

குழந்தையை ரஜிதனின் கையில் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோபிகா கதிரையில் ஏறினாள். தொப்பியைப் பிய்த்து எறிந்தாள். சற்று நேரத்தில் அலாரம் கத்தத் தொடங்கியது.

"சாம்பிராணிக்குத்தான் கத்துது, அதைக் கழட்டுங்கோ" என்றார் பொன்னம்பலம், வாயில் வடையோடு.

அலாரம் நாலு தரம் கத்தியது. நின்றது. மறுபடி நாலு தரம் கத்தியது. கோபிகா வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவள். அங்கே வருடா வருடம் பயிற்சி வைப்பார்கள். புகைக்கு மூன்று, நச்சுக் காற்றுக்கு நாலு. கண்ணுக்குத் தெரியாத, மணமே இல்லாத அந்த நச்சுக் காற்று, சரியாக எரியாத காஸிலிருந்து வருவது என்று சொல்லித் தந்திருந்தார்கள். பயிற்சியில் தூங்கிவிழுந்த நாட்களுக்காக அவள் தன்னை மன்னித்துக்கொண்டாள், இந்த ஒன்று மனதில் தங்கியிருந்ததே என்று.

"இது புகைக்கு இல்ல. எல்லாரும் வெளிய போங்க" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. சோறு பாதிதான் முடிந்திருந்தது.

"பற்றரியைக் கழட்டு தம்பி" என்றார் சச்சிதானந்தன். சொன்னால் செய்து பழகிய ரஜிதனின் ஒரு கை அலாரத்தை நோக்கி உயர்ந்தது.

"தொட்டீங்களெண்டா நான் பிள்ளையோட இப்பவே போயிருவன்" என்றாள் கோபிகா. அவன் கை இறங்கியது. அவள் போனை எடுத்தாள்.

"பிள்ளை, ஆருக்கு அடிக்கிறாய்?" அங்கிளின் குரல் சட்டென்று தேனாகிவிட்டது. "எங்களுக்குள்ள பேசித் தீர்ப்பம். பொன்னம்பலம் அண்ணை ஒருக்கால் பாப்பார். ஃபயர்காரங்கள் வந்தாங்களெண்டால் எல்லாத்தையும் பாப்பாங்கள். பேஸ்மென்ற்றைப் பூட்டுவாங்கள். உனக்கு விளங்குதே?"

அவளுக்கு நன்றாக விளங்கியது. மாசிமாதக் குளிர். அவளுக்குச் சம்பளமில்லாத காலம். ரஜிதனின் ஒற்றைச் சம்பளத்துக்கு இந்த நகரத்தில் யாரும் வீடு தரப்போவதில்லை. கூப்பிட்டால் இந்தக் கூரை போகும். கூப்பிடாவிட்டால் எது போகும் என்பது ரஜிதனின் தோளில் துவண்டு கிடந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நாம் சொல்லலாம். வீடில்லாமல் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்குத்தான் அந்த ஒரு நிமிடத்தின் பாரம் தெரியும். அவள் பயந்துதான் இருந்தாள். பயந்தபடியே ஒன்பது, ஒன்று, ஒன்றை அழுத்தினாள்.

முகவரியைச் சொல்லிக்கொண்டே குழந்தையை வாங்கி, ரஜிதனின் ஜக்கெற்றுக்குள் சுற்றி, படியேறி வெளியே ஓடினாள். ரஜிதன் அன்ரியைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தான். தாய் ஓடினால் மற்றவர்களும் ஓடத்தானே வேண்டும். பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் சோற்றுத் தட்டுகளைக் கைவிடாமல் பனிக்குள் இறங்கி நின்றன. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கி, இது என்ன திருவிழா என்று பார்த்தார்.

வண்டிகள் வந்தன. அம்புலன்ஸில் வந்த பெண் குழந்தையை வாங்கி, முகத்தில் சின்ன மூடி ஒன்றைப் பிடித்து ஒட்சிசன் கொடுத்தாள். கோபிகா குழந்தையின் காலைப் பிடித்தபடி நின்றாள். தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். பிறகு குழந்தை முகத்தைச் சுளித்து, கையை உதறி, தெருவே திரும்பிப் பார்க்க வீரிட்டு அழுதது. கோபிகாவும் அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்று அவள் கவலைப்படவில்லை.

தீயணைப்பு வீரர்கள் அளவுக் கருவிகளோடு உள்ளே போய், காஸை மூடி, ஹீற்றரில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, கதவு ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவரின் கையில் அன்ரியின் போர்வை இருந்தது. தலைவர்போல் இருந்த நெட்டை மனிதர், இந்த ஹீற்றர் யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இருபத்தெட்டு வருடம் கனடாவில் இருந்த சச்சிதானந்தனுக்கு அந்த நேரம் பார்த்து ஆங்கிலம் விளங்காமல் போய்விட்டது. ரஜிதனைப் பார்த்தார். ரஜிதன் பனியைப் பார்த்தான்.

காஸ் அமுக்கத்தை யார் கூட்டியது என்று நெட்டை மனிதர் அடுத்துக் கேட்டார். எல்லோரும் பொன்னம்பலத்தைத் தேடினார்கள். அவருடைய கார் நின்ற இடத்தில் கார் இல்லை, வடைத்தட்டு மட்டும் பனியில் இருந்தது.

நெட்டை மனிதர் பெருமூச்சு விட்டார். இவ்வளவு நாளும் அலாரம் கத்தாத அளவில் இருந்தது இன்றைக்கு ஏறியிருக்கிறது, கீழே இருந்த அளவே மோசம் என்றார். ஹீற்றரின் புகைக்குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியால் காற்று மேலே ஏறி, மேல்வீட்டுப் படுக்கையறையில் அதைவிட மோசமாக இருக்கிறது என்றார். இன்றிரவும் அந்த அறையில் படுத்திருந்தால் காலையில் எழும்பியிருக்க மாட்டார்கள் என்று, சாதாரணமாக, மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். இராஜேஸ்வரி அன்ரி திருக்கைமீனைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அம்புலன்ஸ் படியில் ஒட்சிசன் மூடியோடு உட்கார்ந்து கணவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களை அழைத்தது யார்? அவர்தான் இத்தனை பேரையும் காப்பாற்றியது" என்றார் நெட்டை மனிதர்.

சச்சிதானந்தனுக்கு ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்து கையை உயர்த்தினார். தான் வீட்டுச் சொந்தக்காரர் என்றும், குழந்தை இருக்கிற வீடு என்பதால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் அழைப்பித்ததாகவும் தடங்கலின்றிச் சொன்னார். நெட்டை மனிதர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். தட்டோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர் தலையாட்டவும் தொடங்கிவிட்டார்கள்.

ரஜிதன் வாயைத் திறந்தான். முதன்முதலாக அவன் முகத்தில் கோபம் இருந்தது. கோபிகா அவன் கையை அழுத்தினாள்.

அவளுக்கும் கொதித்தது. அந்தக் கையை உயர்த்திய மனிதரைப் பனியிலே உருட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கோபத்தோடு கூடவே வேறொன்றும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட்டது கோபிகா என்றால், நாளைக்கு அவளை வெளியே போகச் சொல்ல அங்கிளுக்கு நல்ல காரணம் இருக்கும். கூப்பிட்டது அங்கிளே என்றால், யாரை வீட்டைவிட்டு எழுப்புவார், எதைச் சொல்லி எழுப்புவார்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். முதலில் ஆங்கிலத்திலும், பிறகு பட்டுச்சேலைகளுக்கும் கேட்கும்படி தமிழிலும் சொன்னாள்.

"ஓம், அங்கிள்தான் கூப்பிட்டவர். நாளைக்கே லைசென்ஸ் உள்ள ஆளக் கூப்பிட்டுப் புது ஹீற்றர் பூட்டுவன், சிற்றியில பதிஞ்சு எல்லாத்தயும் சட்டப்படி செய்வன், அதுவரைக்கும் உங்கள மேல்வீட்டில வச்சிருப்பன் எண்டும் சொல்லியிருக்கார். பிள்ளைக்காக அங்கிள் எதையும் செய்வார்."

நெட்டை மனிதர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பட்டுச்சேலைகளுக்குள்ளிருந்து "அது பெரிய மனசு" என்று ஒரு குரல் வந்தது. சச்சிதானந்தன் மறுபடியும் வேட்டியைச் சரிசெய்தார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோவன்" என்றார் இராஜேஸ்வரி அன்ரி, ஒட்சிசன் மூடியைக் கொஞ்சம் இறக்கி.

"ஓம்" என்றார் சச்சிதானந்தன்.

அம்புலன்ஸ் கதவு மூடப்படும் முன் அன்ரி நகர்ந்து இடம்விட்டார். கோபிகா அழுகிற குழந்தையோடு ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.